பத்துப் பொருத்தத்தில் இல்லாத பொருத்தம்: உயரம் எப்படி இவ்வளவு பெரிய விஷயமானது?

2019-ல் ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி டிண்டர் என்ற டேட்டிங் ஆப்காரர்கள் ஒரு அறிவிப்பு விட்டார்கள். ஆண்கள் உயரத்தைக் கூட்டிச் சொல்வது எல்லை மீறிப் போய்விட்டது, இனி சரிபார்த்து முத்திரை தரப்போகிறோம், ஏதாவது ஒரு கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்புங்கள் என்று. முட்டாள்கள் தின விளையாட்டு அது. ஆறு வருடம் கழித்து, 2025-ன் நடுவில், அதே ஆப் பணம் கட்டும் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு, எந்த உயரத்தில் ஆள் வேண்டும் என்று குறிக்கும் வசதியை நிஜமாகவே சோதனைக்கு விட்டது. உடனே சண்டை. குட்டையான ஆண்களை மொத்தமாகக் கழித்துக் கட்டுகிறார்கள் என்று ஒரு பக்கம், என் வாழ்க்கை என் விருப்பம் உனக்கென்ன வந்தது என்று இன்னொரு பக்கம்.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மேட்ரிமோனி தளங்களில் 'உயரம்: இவ்வளவு முதல் இவ்வளவு வரை' என்ற கட்டம் பல வருடமாக இருக்கிறது. அதற்கும் முன்னால் பேப்பரில் வந்த வரன் விளம்பரத்தில் நட்சத்திரத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் உயரம் இருந்தது. இத்தனைக்கும் தினம், கணம், மகேந்திரம் என்று ஆரம்பித்து வேதை வரை போகும் பத்துப் பொருத்தத்தில் உயரம் கிடையாது. 'ஸ்திரீ தீர்க்கம்' என்ற பெயரைப் பார்த்துப் பெண்ணின் உயரமோ என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது பெண் நட்சத்திரத்திலிருந்து ஆண் நட்சத்திரம் எத்தனையாவது என்ற எண்ணிக்கைதான். ஜோசியரே கேட்காத கேள்வியைத்தான் நாம் முதலில் கேட்கிறோம்.

இது பாரபட்சமா, வெறும் ரசனையா? ஒரு ஆப்பின் வசதியால் ஒருவருடைய தன்மதிப்பு ஏன் அடிவாங்க வேண்டும்? அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் மூன்று சொற்கள்

இந்தச் சண்டையில் பாதி, மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது.

1. விருப்பம்: 'கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லா இருக்கும்.' மாநிறம் பிடிக்கும், தாடி பிடிக்கும் என்பதைப் போல. எதிரில் நல்ல மனிதர் ஒருவர் வந்து நின்றால் இது இளகும்.

2. வழக்கம்: 'கணவன் மனைவியைவிட உயரமாக இருக்க வேண்டும்.' இது தனி ஒருவரின் ரசனை கிடையாது, ஊர் வைத்திருக்கும் விதி. இதில் முக்கியம் எண் இல்லை, இரண்டு பேருக்கும் இடையிலுள்ள வித்தியாசம். ஐந்தடிப் பெண்ணுக்கு ஐந்தடி மூன்றங்குலப் பையன் இந்த விதிப்படி தாராளமாகப் போதும்.

3. வடிகட்டி: '5 அடி 8 அங்குலத்துக்குக் கீழே காட்டாதே.' இங்கே வித்தியாசம் காணாமல் போய் ஒரு எண் மட்டும் நிற்கிறது. எதிரில் வந்து நிற்கவே யாருக்கும் வாய்ப்பில்லை என்பதால் இளகுவதற்கு வழியும் இல்லை.

ஒரு நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்: டிண்டர் சோதித்தது கறாரான வடிகட்டி இல்லை, பரிந்துரைகளின் வரிசையை மாற்றும் ஒரு குறிப்பு மட்டும்தான் என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. ஹிஞ்ச் போன்ற ஆப்களில் உயரத்தை வைத்துத் தேடும் வசதி அதற்கு முன்பே இருந்தது. நம் மேட்ரிமோனி தளங்களில் தேடும்போது நாம் போடுவது பெரும்பாலும் மூன்றாவது வகைதான், போடுகிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல்.

குலுக்கிப் போட்டாலே ஆண்தான் உயரம்

உலக நாடுகளின் உயரங்களைத் தொகுத்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, 1996-ல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 153. அதாவது ஆண் 5 அடி 5 அங்குலம், பெண் சரியாக ஐந்தடி. (இதே ஆய்வில் ஹாலந்து ஆண்கள் 182.5 செ.மீ. அந்த ஊர் அளவுகோலைத்தான் நம் ஊர் இன்ஸ்டாகிராம் கடன் வாங்கி வைத்திருக்கிறது.)

இப்போது ஒரு விளையாட்டு. எல்லா ஆண்களின் பெயரையும் ஒரு பானையிலும் பெண்களின் பெயரையும் இன்னொரு பானையிலும் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சோடி சேர்த்தால் என்ன ஆகும்? சராசரியிலிருந்து ஆண்களின் உயரம் வழக்கமாக 6.5 முதல் 7 செ.மீ. வரையும், பெண்களுடையது 6 செ.மீ. வரையும் விலகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நூறு சோடிகளில் 91 சோடிகளில் ஆண் உயரமாக இருப்பார். யாரும் எந்த விதியும் போடவில்லை, உடற்கூறு பார்த்துக்கொள்கிறது.

பிரிட்டனில் பல ஆயிரம் தம்பதிகளின் உயரத்தை எடுத்து 2013-ல் ஒரு குழு இதையே நிஜத்தில் செய்து பார்த்தது. குலுக்கல் முறையில் சேர்த்திருந்தால் 89.8 சதவீத சோடிகளில் ஆண் உயரமாக இருந்திருப்பார். உண்மையில் இருந்தது 92.5 சதவீதம். வாயால் கேட்டால் பெரிய நிபந்தனை மாதிரி ஒலிக்கும் ஒன்று, கல்யாணம் ஆன சோடிகளைப் பார்த்தால் மூன்று சதவீத வித்தியாசம்கூட உண்டாக்கவில்லை. கணவன் அளவுக்கு மீறி உயரமாக, 25 செ.மீ.க்கு மேல் உயரமாக, இருக்கும் சோடிகள் குலுக்கலைவிடக் குறைவாகவே இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. நெட்டையாகப் போனாலும் கொஞ்சம் உதைக்கத்தான் செய்கிறது.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1980-ல் 720 தம்பதிகளை வைத்து வெளியான ஒரு சின்ன ஆய்வில் மனைவி உயரமாக இருந்தது ஒரே ஒரு சோடியில்தான். குலுக்கலில் நூற்றுக்கு இரண்டு சோடியாவது அப்படி வந்திருக்க வேண்டும், ஆகவே அங்கே விதி கடுமையாக வேலை செய்திருக்கிறது. மாறாக, தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களிடம் மனைவி உயரமான சோடிகள் எட்டு சதவீதம். குலுக்கலில் வருவதும் ஏறக்குறைய அதேதான். அவர்கள் துணை தேடும்போது உயரத்தைப் பொருட்படுத்துவதாகவே தெரியவில்லை.

வடிகட்டி என்ன செய்கிறது

விருப்பத்துக்கும் வழக்கத்துக்கும் இவ்வளவு இடம் இருக்கும்போது, வடிகட்டி வந்ததும் நிலைமை ஏன் தலைகீழாகிறது? காரணம், மனிதர்கள் வித்தியாசத்தைச் சொல்லாமல் எண்ணைச் சொல்கிறார்கள், அதுவும் காதுக்கு நல்ல எண்ணாகப் பார்த்து. ஐந்தடி எட்டு, ஐந்தடி பத்து, ஆறடி. 'என்னைவிட மூன்று அங்குலம் கூட' என்று யாரும் எந்தக் கட்டத்திலும் போட முடியாது. அப்படியொரு கட்டமே வைக்கப்படவில்லை.

மேலே சொன்ன சராசரியை வைத்தே பார்ப்போம்.

1. 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் என்று போட்டால், நூறு இந்திய ஆண்களில் 12, 13 பேர் மட்டும் திரையில் வருவார்கள். மீதி 87 பேர் அவர்களுடைய படிப்பு, குணம், பாட்டு, சமையல் எல்லாவற்றோடும் சேர்ந்து மறைகிறார்கள்.

2. 5 அடி 10 என்றால் மூன்று பேர்.

3. ஆறடி என்றால் ஆயிரத்துக்கு நான்கைந்து பேர். அதில் உங்கள் மதம், சாதி, ஊர், வயது, வேலை என்று மற்ற கட்டங்களையும் வைத்துச் சலித்தால் மிஞ்சுவது எத்தனை என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

நகரத்தில் வசதியாக வளர்ந்த இளைஞர்கள் சராசரியைவிடக் கொஞ்சம் உயரம் என்பதால் சென்னையில் இந்த எண்கள் சற்றுக் கூடலாம், கணக்கின் போக்கு மாறாது. சராசரியாக ஐந்தடி இருக்கும் ஒரு பெண் 5 அடி 8 கேட்கும்போது எட்டு அங்குல வித்தியாசம் கேட்கிறார். வழக்கம் கேட்பது அரை அங்குலம். இந்த ஏழரை அங்குலத்தை யார் கேட்டார்கள் என்றால் பல நேரம் அந்தப் பெண்கூட இல்லை. பெண்ணின் அப்பாவுக்குத் தரகர் போன் செய்கிறார்.

"பையன் தங்கமான பையன் சார். பேங்க்ல வேலை, ஒரே தங்கச்சி, அதையும் கட்டிக் குடுத்தாச்சு."

"உயரம் எவ்வளவுங்க?"

"அஞ்சடி அஞ்சு இருப்பாருங்க."

"நம்ம பொண்ணே அஞ்சு மூணு... சரி, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்பது தரகருக்கும் தெரியும், பையன் வீட்டுக்கும் தெரியும். இந்தப் பையன் இந்திய சராசரி உயரம். பெண்ணைவிட இரண்டு அங்குலம் உயரம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவரிடம் ஒரு குறையும் இல்லை.

எண்ணுக்கு இவ்வளவு மரியாதை இருந்தால் எண்ணில் பொய் வரும், அதுவும் நடக்கிறது. நியூயார்க்கில் டேட்டிங் தளங்களில் புரொஃபைல் போட்டிருந்த 80 பேரை வரவழைத்து அளந்து பார்த்து 2008-ல் வெளியான ஆய்வில், உயரம், எடை, வயது மூன்றில் ஏதாவது ஒன்றையாவது மாற்றிச் சொல்லியிருந்தவர்கள் 81 சதவீதம். பெரும்பாலும் சின்னச் சின்னப் பொய்கள்தான். ஓகேக்யூபிட் என்ற டேட்டிங் தளம் 2010-ல் தன்னுடைய தரவை வைத்து, ஆண்கள் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கூட்டிப் போடுகிறார்கள் என்று எழுதியது. இதில் அடிவாங்குவது உண்மையைப் போட்டவர்தான். ஐந்தரை அடிக்காரர் ஐந்து எட்டு என்று போட்டு உள்ளே போய்விடுவார், உள்ளபடி ஐந்து ஏழு என்று போட்டவர் வெளியே நிற்பார்.

தென்கொரியாவில் இது டிவியிலேயே வெடித்தது. 2009 நவம்பரில் ஒரு பேச்சு நிகழ்ச்சியில் கல்லூரி மாணவி ஒருவர், 180 செ.மீ.க்குக் குறைந்த ஆண்கள் 'லூசர்' என்று சொல்லிவிட்டார். நஷ்டஈடு கேட்டுப் புகார் போட்டவர்கள் உண்டு, நிகழ்ச்சி மன்னிப்புக் கேட்டது, அந்தப் பெண்ணை இணையத்தில் துரத்தித் துரத்திக் கிழித்தார்கள். அன்று கொரிய இளைஞர்களின் சராசரி 174, 175 செ.மீ. நாட்டில் பெரும்பான்மை ஆண்களை ஒரே வாக்கியத்தில் தள்ளிய அந்த எண்ணும் இதே மாதிரி ஒரு முழு எண்தான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது

பரிணாமத்தில் உயரமான ஆண் பாதுகாப்பு தருவான், அதனால்தான் என்று ஒரு விளக்கம் ரொம்பப் பிரபலம். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இன்றும் வேட்டையாடி வாழும் ஹட்சா சமூகத்துப் பெண்கள் அதைக் கண்டுகொள்ளாமல், ஏசி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் கண்டுகொள்கிறார்கள் என்றால் அந்த விளக்கம் தனியாக நிற்காது.

எனக்கு ஏற்புடையதாகத் தெரிவது இன்னொன்று. கணவன் வயதில் மூத்தவன், படிப்பில் ஒரு படி மேல், சம்பளத்தில் கூட என்று ஒரு ஏணி நம்மிடம் இருக்கிறதே, உயரம் அதன் கடைசிப் படி, கண்ணுக்குத் தெரியும் ஒரே படி. ஜப்பானில் 1980-களின் பணக்காரக் காலத்தில் பெண்கள் தேடும் மாப்பிள்ளைக்கு 'சான்கோ' என்று பெயர் வைத்தார்கள். மூன்று உயர்வு என்று பொருள்: படிப்பு, சம்பளம், உயரம். மூன்றும் ஒரே மூட்டையில் கட்டியே வந்தன. சம்பளத்தைப் போட்டோவில் காட்ட முடியாது, உயரத்தைக் காட்டலாம். 1981-ல் இளவரசர் சார்லஸ் – டயானா கல்யாணத்துக்கு பிரிட்டன் வெளியிட்ட தபால்தலையை எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே உயரமான இருவரில் சார்லஸ் தெளிவாக ஒரு தலை உயரமாகத் தெரிவார்.

நம்மூர்க் கல்யாணத்திலும் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். முகூர்த்தத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்திருப்பார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் காலின் நீளம் மறைந்துவிடும், யார் உயரம் என்று சபைக்குத் தெரியவே தெரியாது. தாலி கட்டும்போது யாரும் கவனிப்பதும் இல்லை. ரிசப்ஷன் வந்தது, பிரச்சினையும் வந்தது. மூன்று மணி நேரம் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், வருகிறவர் எல்லாம் நடுவில் புகுந்து படம் எடுக்க வேண்டும். போட்டோகிராபர் மெதுவாகப் பெண்ணிடம் வந்து, "மேடம், ஹீல்ஸைக் கழட்டிட்டு நில்லுங்க, லெஹங்கா மறைச்சிரும்" என்பார். மாப்பிள்ளைக்கு ஷூவுக்குள் தடித்த அட்டை. பெண் லேசாக முழங்காலை மடக்கி நிற்பார், மறுநாள் கால் வலிக்கும்.

உயரமான பெண்ணின் கணக்கு

குட்டையான ஆண்களின் வலி பற்றி இணையத்தில் நிறையப் பேச்சு. அதே விதியின் மறுமுனையில் மாட்டியிருக்கும் உயரமான பெண்கள் பற்றி அந்தப் பேச்சில் பாதிகூட இல்லை. 5 அடி 6 அங்குலப் பெண், நம் சராசரிக் கணக்கில் ஆயிரத்துக்கு ஆறேழு பேரில் ஒருவர். மாப்பிள்ளை மூன்று அங்குலமாவது கூட இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னால், நூறு ஆண்களில் ஆறு பேர் மிஞ்சுவார்கள். அந்த ஆறு பேர் வீட்டிலும் 'பொண்ணு கொஞ்சம் நெடுநெடுன்னு இருக்கே' என்று ஒரு மாமி சொல்வார். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட பெண்களில் பலர் தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் தள்ளி நடக்கப் பழகிவிடுகிறார்கள்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, கேட்டால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும். 1950-களிலிருந்து அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், மகள் ரொம்ப உயரமாக வளர்ந்துவிடுவாள், பிறகு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயந்த பெற்றோர்கள் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்துவதற்காக அந்தச் சிறுமிகளுக்கு அதிக அளவில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொடுக்கப்பட்டது. நோய் எதுவும் இல்லாத, ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு. பல வருடம் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தபோது, அந்தச் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கருத்தரிப்பதில் சிரமம் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. 2004-ல் அந்த முடிவு வெளியானது. கல்யாணம் ஆகாதே என்ற பயத்தில் கொடுத்த மருந்து, பிள்ளை பெறுவதில் கை வைத்துவிட்டது.

மனசுக்குள் நடப்பது

சரி, நிராகரிப்பு எல்லோருக்கும் வருவதுதானே, உயரத்தால் வருவது மட்டும் ஏன் இவ்வளவு ஆழமாகக் குத்துகிறது? மூன்று காரணங்கள் தெரிகின்றன.

1. மாற்ற முடியாது. சம்பளம் குறைவு என்றால் வேலை மாறலாம், எடை அதிகம் என்றால் நடக்கலாம். எலும்பின் முனையிலிருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால், பெண்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள், ஆண்களுக்கு 16 முதல் 18-க்குள் மூடிவிடும், அதற்கப்புறம் தொங்கினாலும் குதித்தாலும் வளர்வதில்லை.

2. நிராகரித்தவர் யார் என்றே தெரியாது. நேரில் வேண்டாம் என்று சொன்னால் அது ஒருவர் சொன்னது. வடிகட்டியில் விழுந்தவருக்குச் செய்தியே வருவதில்லை, போன் சும்மா கிடக்கிறது. அந்த மௌனத்துக்கு அவரே ஒரு காரணம் எழுதிக்கொள்கிறார், எழுதும்போது மிக மோசமானதைத்தான் எழுதுவார்: நான் யாருக்கும் வேண்டாதவன். உண்மையில் அந்தப் பக்கம் யாரும் அவரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்கவே இல்லை.

3. காயம் பழையது. இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. உயரமானவர்கள் சராசரியாக அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது பல நாடுகளில் தெரிந்த விஷயம். ஏன் என்று பார்க்க, பிரிட்டன், அமெரிக்கத் தரவுகளை வைத்து மூன்று பொருளாதார அறிஞர்கள் 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்று ஒரே உயரமாக இருக்கும் இரண்டு ஆண்களில், 16 வயதில் யார் உயரமாக இருந்தாரோ அவருக்குத்தான் சம்பளம் கூட. பெரியவரான பிறகு உள்ள உயரத்துக்கு அவ்வளவு பங்கில்லை. அதாவது தாமதமாக வளர்ந்தவன், உயரம் வந்த பிறகும் அந்தக் குட்டைப் பையனாகவே நடந்துகொள்கிறான். டீனேஜில் விளையாட்டு அணி, நண்பர் கூட்டம் இவற்றிலிருந்து ஒதுங்கிப் போவதுதான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். இல்லை, குழந்தைப் பருவ ஊட்டச்சத்தும் அறிவு வளர்ச்சியும்தான் உயரத்தையும் சம்பளத்தையும் சேர்த்தே தீர்மானிக்கின்றன என்று 2008-ல் வேறு இருவர் மறுத்தார்கள், அந்த வாதத்திலும் வலு உண்டு. காதல் விஷயத்தில் எனக்கு முதல் விளக்கம் கூடுதலாகப் பொருந்துவதாகப் படுகிறது. ஒன்பதாம் வகுப்பில் பிரேயரில் முதல் ஆளாக நின்று, குள்ளா, அரைடிக்கெட் என்று பெயர் வாங்கியவர், முப்பது வயதில் வடிகட்டியில் விழும்போது அது முதல் அடியாக இருப்பதில்லை.

இந்தக் காயம் உறவு கிடைத்த பிறகும் ஆறிவிடுவதில்லை என்பதுதான் பலர் கவனிக்காத இடம். தன்னைவிட அரை அங்குலம் உயரமான பெண்ணைக் காதலிக்கும் பையன், அவள் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் முகம் சுருங்குகிறான். அவள் தோழியின் அண்ணன் உயரமாக இருந்தால் அன்று முழுக்க ஒரு மாதிரி. குரூப் போட்டோவில் படியில் ஏறி நிற்கிறான். 'என்னோட நடக்க உனக்கு வெட்கமா இல்லையா?' என்று அவன் பத்தாவது தடவை கேட்கும்போது, முதல் ஒன்பது தடவை நிஜமாகவே இல்லை என்று சொன்னவளுக்கு அலுத்துப்போகிறது. உறவு முறிந்தால் உயரம்தான் காரணம் என்று அவன் நம்புவான். அவளைக் கேட்டால் அந்தக் கேள்விதான் காரணம் என்பாள்.

'காம்ப்ளெக்ஸ்' என்ற பொறி

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதை எடுத்துக்கொண்டு 'குள்ளமானவனுக்கு எப்பவும் காம்ப்ளெக்ஸ்' என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். அதுவே இன்னொரு பாரபட்சம். உயரமானவர் கோபப்பட்டால் கம்பீரம், குட்டையானவர் அதே கோபத்தைப் பட்டால் காம்ப்ளெக்ஸ். எதைச் செய்தாலும் உயரத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டால் அந்த ஆள் எப்படித்தான் பேசுவது?

இந்தக் கதையின் மூலகர்த்தாவாகச் சொல்லப்படும் நெப்போலியனே குட்டை இல்லை. பழைய பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலம் என்று எழுதி வைத்தார்கள். அந்த அங்குலம் இங்கிலாந்து அங்குலத்தைவிடப் பெரியது. இன்றைய கணக்கில் 168 செ.மீ.யை ஒட்டி வரும், அன்றைய பிரெஞ்சுக்காரருக்குக் குறையில்லாத உயரம். அவரைச் சுண்டைக்காயாக வரைந்து பரப்பியது ஜேம்ஸ் கில்ரே போன்ற எதிரி நாட்டு கார்ட்டூன்காரர்கள். நம்மிடம் மட்டும் என்ன வாழுகிறது, 'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்று பழமொழியே வைத்திருக்கிறோம். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது, கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று ஆறுதலுக்கும் சில உண்டு. அந்த ஆறுதல் பழமொழிகளிலும் 'ஆனாலும்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

உயரம் விற்பவர்கள்

தாழ்வு மனப்பான்மை இருக்கும் இடத்தில் கடை திறக்கும். பவுடர், சொட்டு மருந்து, தொங்கும் கருவி, மூலிகை லேகியம். வளர்ச்சித் தட்டு மூடியவருக்கு இவை எதுவும் வேலை செய்யாது. இந்தியாவில் 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில், விளம்பரமே செய்யக் கூடாத விஷயங்களின் பட்டியலில் ஆளின் உயரமும் இருக்கிறது. அது சட்டமாகி எழுபது வருடம் தாண்டியும் யூடியூபைத் திறந்தால் விளம்பரம் வந்து நிற்கிறது.

நிஜமாகவே உயரம் கூட்டும் வழி ஒன்றே ஒன்று உண்டு: கால் எலும்பை வெட்டி இழுக்கும் அறுவை சிகிச்சை. சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் டாக்டர் இலிசரோவ் 1950-களில் இந்த முறையை உருவாக்கினார். காலைச் சுற்றி வளையம், எலும்புக்குள் கம்பி. திருகைத் திருகி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இடைவெளியைக் கூட்டினால் அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். விபத்தில் எலும்பு நொறுங்கியவர்களுக்கும், ஒரு கால் குட்டையாகப் பிறந்தவர்களுக்கும் இது பெரிய வரம். அழகுக்காகச் செய்துகொள்ள ஆரம்பித்தபோது கதை மாறியது. இரண்டு அங்குலத்துக்கு ஏழெட்டு வாரம் இழுக்க வேண்டும், எலும்பு இறுக இன்னும் பல மாதம், வலி, கிருமித் தொற்று, நரம்புச் சேதம். சீனா 2006-ல் அழகுக்காக இதைச் செய்வதைத் தடை செய்தது. 2016-ல் ஐதராபாத்தில் ஒரு இளைஞர் வீட்டில் சொல்லாமல் போய் இதைச் செய்துகொள்ள, பெற்றோர் மருத்துவமனைக்கு ஓடிவந்து சண்டை போட, செய்திகளில் பெரிதாக அடிபட்டது. அந்தப் பையன் இந்திய சராசரியைவிட உயரமானவர்தான்.

புரொஃபைல் எழுதுகிறவர்களுக்கு

யாரையும் இவரைத்தான் விரும்பு என்று கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. உயரம் பிடிக்கும் என்று சொல்லும் பெண்ணைத் திட்டுவதில் பயனும் இல்லை. கட்டத்தை நிரப்பும் இடத்தில் செய்யக்கூடியது மட்டும் சில:

1. முதல் தேடலில் உயரத்தைக் காலியாக விடுங்கள். மற்ற எல்லாம் ஒத்துவந்தவர்களைப் பார்த்த பிறகு கடைசியில் பாருங்கள். முதலில் போடும் வடிகட்டிதான் அதிகம் கொல்லும்.

2. எண் போட்டே ஆக வேண்டுமென்றால் வித்தியாசத்திலிருந்து எண்ணுக்குப் போங்கள். ஐந்து மூன்று இருக்கும் பெண்ணுக்கு ஐந்து நான்கிலிருந்து ஆரம்பித்தாலே வழக்கத்துக்குப் பங்கமில்லை. வழக்கமே வேண்டாம் என்றால் இன்னும் கீழே.

3. அந்த எண்ணை யார் போடுவது என்று வீட்டில் ஒருமுறை பேசுங்கள். புரொஃபைலைப் பெரும்பாலும் நடத்துவது அப்பாவோ அண்ணனோதான்.

4. உண்மையான உயரத்தைப் போடுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நின்று, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துச் சுவரில் கோடு போட்டு, டேப்பால் அளக்க வேண்டும்.

எந்த நேரத்தில் அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க நிமிர்ந்து நிற்பதில் முதுகெலும்பு வட்டுகள் அமுங்குவதால், தூங்கி எழுந்ததும் இருக்கும் உயரத்தைவிடச் சாயங்காலம் ஒன்று, ஒன்றரை செ.மீ. வரை குறைவாக இருப்போம். 5 அடி 8 என்பது 172.7 செ.மீ. காலையில் 173 இருக்கும் ஒருவர் பல் தேய்க்கும்போது அந்த வடிகட்டிக்குள் இருக்கிறார், ஆபீஸ் முடிந்து பஸ் ஏறும்போது வெளியே இருக்கிறார்.